கிழங்கின் தலை மண்ணுக்கு

சமவெளி காரவள்ளியோடு முடிந்துவிடுகிறது. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக வரும் பேருந்து அந்த அடிவாரத்தில் சற்று நின்றுவிட்டு, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்குகிறது. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண் எழுதிய பலகை. தை மாதத்தில் கீழ்ப்பகுதி மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். பாதி மலை ஏறியதும் காற்று குளிர்கிறது. அதற்கு மேலே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது, பள்ளங்களில் வாழையும் பலாவும் தெரிகின்றன. சன்னலோரம் இருப்பவர்கள் பள்ளத்தாக்கைப் படமெடுக்கிறார்கள். சாலையோரப் புதர்களில் காய்ந்த கயிறாகத் தொங்கும் கொடிகளை யாரும் பார்ப்பதில்லை. அவற்றில் பல காட்டுவள்ளிக் கொடிகள்.

இலை பழுத்து உதிர்ந்து, கொடி காய்ந்து சுருண்டால்தான் அடியில் கிழங்கு முற்றியிருக்கிறது என்று பொருள். மழைக்காலத்தில் இலைகள் சேர்த்த மாவு முழுவதும் அப்போது மண்ணுக்குள் இறங்கியிருக்கும். கார்த்திகை முடிந்து மாசி வரை அதுதான் தோண்டும் பருவம். கோடையின் முதல் மழை விழுந்ததும், சேர்த்துவைத்த அந்த மாவைக் கொண்டே செடி புதுத் தளிரை மேலே அனுப்பும். அதன் பிறகு தோண்டினால் கைக்கு வருவது நீர்த்துப்போன சக்கைதான்.

கொல்லிமலை முழுவதும் 'நாடு'களாகப் பிரிந்து கிடக்கிறது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று ஒவ்வொரு ஊராட்சியும் ஒரு நாடு. இங்கே வாழும் பழங்குடியினரின் பெயர் மலையாளிகள். அவர்கள் பேசுவது தமிழ். சாமை, தினை, கேழ்வரகு விளைந்த மலை இது. சங்க காலத்து வல்வில் ஓரியின் நாடு என்பதால் செம்மேட்டில் அவனுக்குச் சிலையும் ஆடி மாதத்தில் விழாவும் உண்டு.

ஆனால் இன்று வெளியூர்க்காரர்கள் இந்த மலையின் பேரைச் சொல்வது ஓரிக்காக இல்லை. முடவாட்டுக்கால் கிழங்குக்காக.

செம்மேட்டிலும், அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போகும் வழியிலும், ஆகாய கங்கை அருவிக்குப் படி இறங்கும் இடத்திலும் அதைச் சாக்கு விரித்துக் குவித்திருக்கிறார்கள். பழுப்பு ரோமம் அடர்ந்து மூடியிருக்கும். வளைந்து, கிளைத்து, சில விரல் தடிமனிலும் சில மணிக்கட்டுத் தடிமனிலும் கிடக்கும். பார்த்ததும் ஆட்டுக்கால் ஞாபகம் வருவதால்தான் அந்தப் பெயர். கத்தியின் முனையால் சுரண்டினால் ரோமம் சுருள்சுருளாக உதிர்கிறது, உள்ளே வெளிறிய ஈரச் சதை தெரிகிறது. அதைக் கழுவி, நறுக்கி இடித்து, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம் சேர்த்துக் கொதிக்கவிட்டால் சூப் தயார். அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். அதனால் கடைக்கார அம்மாக்கள் ஆட்களை அழைப்பதும் அதற்கேற்றபடிதான்: "வாங்கண்ணா, ஒரு சூப்பு குடிச்சுட்டு எறங்குங்க, ஏறி வரையில கால் வலிக்காது!" குடித்தவர் நாக்கில் முதலில் நிற்பது மிளகுக் காரம். கிழங்குக்கென்று இருக்கும் மெல்லிய வழவழப்பு பிறகுதான் தெரியும்.

செடியியல் கணக்கில் இது கிழங்கே கிடையாது. பெரணி ஒன்றின் ஊர்ந்து செல்லும் தண்டு. டிரைனேரியா குவெர்சிஃபோலியா என்று பெயர். மண்ணில் வேர்விடாமல் பாறை மேலும் மரக்கிளை மேலும் ஒட்டி வாழும். இதன் இலைகளில் இரண்டு வகை உண்டு. நீண்ட பச்சை இலைகள் உணவு தயாரிக்கவும் வித்துத்தூளைப் பரப்பவும். குட்டையான பழுப்பு இலைகளுக்கு வேறு வேலை: தண்டை ஒட்டிக் குவிந்து நின்று, மேலிருந்து விழும் சருகையும் தூசியையும் பிடித்து வைக்கின்றன. அந்தச் சருகு மட்கித்தான் மண்ணே இல்லாத பாறையில் இச்செடிக்கு உரமும் ஈரமும் ஆகிறது. தன் மண்ணைத் தானே சேர்த்துக்கொள்ளும் செடி! பூ இல்லை, விதை இல்லை. பாறையில் ஓர் அடி படர இதற்கு வருடங்கள் வேண்டும்.

சித்த மரபில் நோய்களின் எண்ணிக்கை 4448. அத்தனைக்கும் இந்த ஒரு கிழங்கு போதும் என்று அடித்துச் சொல்லும் வியாபாரிகள் உண்டு. மூட்டுவலிக்கு மலைவாசிகள் இதைத் தலைமுறை தலைமுறையாகக் குடித்துவருகிறார்கள் என்பது உண்மை. வீக்கத்தைத் தணிக்கும் தன்மையை ஆய்வகத்தில் எலிகளிடம் காட்டிய ஆய்வுகளும் உண்டு. அதிலிருந்து 4448 வரைக்கும் தாவுவது வியாபாரம். அந்தத் தாவலால்தான் இன்று இந்தக் கிழங்கு கூரியரில் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறது. வீட்டுக்கு வேண்டியதை ஒடிக்கிறவர் ஒரு முனையை ஒடித்துக்கொண்டு மிச்சத்தைப் பாறையிலேயே விடுவார். விட்ட துண்டு மறுபடி ஊரும். கிலோக் கணக்கில் கொடுக்கிறவர் பாறையையே வழித்தெடுத்துவிடுவார். பழுப்பு இலைகள் ஆண்டுக்கணக்கில் சேர்த்த மட்கு அதோடு சேர்ந்து உதிர்ந்துபோகும். பாறை மொட்டையாகிவிட்டால் அடுத்த பெரணிக்கு அங்கே இடமில்லை.

காட்டுவள்ளியின் கதை வேறு. அதற்குச் சாலையோரக் கடையும் இல்லை, விளம்பரப் பலகையும் இல்லை.

டயோஸ்கோரியா என்னும் இந்தக் கொடிப் பேரினத்தில் உலகம் முழுவதும் 600-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. தமிழக, கேரள மலைகளில் உணவாகும் இனங்களில் முதன்மையானவை கவலை, நூறை, காய்வள்ளி. கவலைக் கிழங்கு நேராகக் கீழே இறங்கும். ஒரு மீட்டருக்கும் அதிக ஆழத்தில், கைத்தடி கனத்தில் வெள்ளைச் சதையோடு இருக்கும். அதை முறியாமல் எடுக்கக் குழிக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கையால் மண்ணை அள்ள வேண்டியிருக்கும். நூறைக்கு ஒரே காம்பில் மூன்றிலிருந்து ஐந்து சிற்றிலைகள். காய்வள்ளி மண்ணுக்கு மேலேயும் காய்க்கும். இலைக் கக்கத்தில் உருளைக்கிழங்கு போன்ற காய்கள் தொங்கும். இவற்றை அடையாளம் காண இன்னொரு வழியும் உண்டு. கவலைக்கொடி மரத்தை ஒரு திசையில் சுற்றி ஏறும், நூறையும் காய்வள்ளியும் எதிர்த்திசையில் சுற்றும். இலை உதிர்ந்த பிறகும், காய்ந்த கொடி மரத்தைச் சுற்றியிருக்கும் திசையை வைத்தே கீழே இருப்பது எந்தக் கிழங்கு என்று சொல்லிவிட முடியும்.

இந்த அறிவு சுவைக்காக மட்டும் அல்ல, உயிருக்காகவும் வேண்டியது. மூன்று சிற்றிலைகளும் தண்டில் முள்ளும் கொண்ட ஓர் இனம் இருக்கிறது. அதன் கிழங்கு மண்மட்டத்துக்கு அருகிலேயே பெருத்துக் கிடக்கும், தோண்டுவதும் எளிது. அதிலுள்ள டயோஸ்கோரின் என்னும் நஞ்சு நரம்பு மண்டலத்தைத் தாக்கி வலிப்பு வரவைக்கும். ஆனாலும் ஒடிசாவிலிருந்து இந்தோனேசியா வரை பஞ்ச காலங்களில் மனிதரைக் காப்பாற்றியதும் இதே கிழங்குதான். மெல்லிய வில்லைகளாகச் சீவி, ஓடும் ஓடையில் கூடையோடு நாள்கணக்கில் கிடத்தி, நஞ்சு நீரோடு போன பிறகு வேகவைப்பார்கள். எளிதில் கிடைப்பது விஷம், ஆழத்தில் கிடைப்பது உணவு என்ற நிலையில், எத்தனை பேர் எத்தனை முறை பாடுபட்டு இந்த முறையைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று எண்ணும்போது அந்தப் பெயரறியா முன்னோர்மீது மரியாதை பிறக்கிறது.

தமிழ் இலக்கியத்தில் வள்ளிக்கிழங்குக்கு மிகப் பழைய இடம் உண்டு. மூவேந்தரும் பறம்பு மலையை முற்றுகையிட்டபோது, உழவர் உழாமலேயே பாரியின் மலை நான்கு விளைச்சல் தரும் என்று கபிலர் புறநானூற்றில் சொல்கிறார். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்பவை அந்த நான்கு. முற்றுகைக்குள் இருக்கும் மலைக்கு இந்த நான்கும் போதும் என்பது கவிஞரின் வாதம். அவற்றில் வயிறு நிறையும்படி மாவுச்சத்து தருபவை மூங்கிலரிசியும் வள்ளியும்தான். மூங்கில் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறையே பூத்து விளையும். ஆண்டுதோறும் சோறு போடுவது வள்ளிதான். முருகனை மணந்த குறமகளைக் கண்டெடுத்ததும் வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில்தான் என்பது புராணம். வேலூர்ப் பக்கத்து வள்ளிமலையில் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்கிறார்கள்.

கொல்லிமலையின் சரிவுகளில் மூன்றாவதாக ஒன்று விளைகிறது. மாகாளிக்கிழங்கு. கல்வராயன் மலை, சித்தேரி, சவ்வாது மலை, திருப்பதி மலைகள் என்று கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் பாறை இடுக்குகளில் வளரும் கொடியின் சதைப்பற்றான வேர் இது. தஞ்சை, கும்பகோணம் வீடுகளில் மாகாளிக்கிழங்கு ஊறுகாய் என்றால் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்கு அது தயிர்சாதத்துக்குத் தெய்வீகத் துணை. மறு கட்சிக்கு அது மூட்டைப்பூச்சி வாசனை. வெனிலாவுக்கு மணம் கொடுக்கும் வேதிப்பொருளும் இந்தக் கிழங்குக்கு மணம் கொடுக்கும் வேதிப்பொருளும் ஒரே அணுக்களால் ஆனவை. அணுக்கள் நிற்கும் இடம் மட்டும் மாறியிருக்கிறது. தோலைச் சீவி, நடுவில் இருக்கும் குச்சியை எடுத்துவிட்டு, பொடியாக நறுக்கி, மோரிலோ தயிரிலோ கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி, மஞ்சள், உப்போடு ஊறப்போடுவார்கள். நன்னாரிக்குப் பதிலாகச் சர்பத்துக்கும் போகிறது. பசியைத் தூண்டவும் இரத்தத்தைச் சுத்தப்படுத்தவும் என்று நாட்டு மருந்திலும் சேர்கிறது.

இத்தனை பேர் கேட்கும் பொருளுக்கு அண்மைக்காலம் வரை முழு ஆதாரமும் காடுதான். வள்ளியைப் போல இது ஆண்டுக்கொரு முறை கிழங்கைப் புதுப்பிக்கும் கொடி இல்லை. வேர் தடிக்கவே பல ஆண்டுகள் வேண்டும். பிடுங்கினால் செடி முடிந்தது. உலகச் செம்பட்டியலில் இது அழியும் ஆபத்திலுள்ள செடி. வீட்டு ஊறுகாய் ஜாடிக்காக ஒரு செடி மலையிலிருந்து மறைந்துபோகலாம் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். இன்றைக்கு நாற்று வளர்த்து நட முடியும் என்று ஆராய்ச்சி நிலையங்கள் காட்டியிருக்கின்றன. ஊறுகாய்ப் பிரியர்கள் கடைக்காரரிடம், கிழங்கு காட்டிலிருந்து வந்ததா தோட்டத்திலிருந்து வந்ததா என்று ஒரு வார்த்தை கேட்கத் தொடங்கினால் நல்லது.

ஒரு கிழங்குக்கு உலகச் சந்தை கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மெக்சிகோ சாட்சி. 1940-களின் தொடக்கத்தில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் அங்கே வேராகுரூஸ் காடுகளில் ஒரு காட்டுவள்ளியைத் தேடிப் போனார். அதிலுள்ள டயோஸ்ஜெனின் என்ற பொருளிலிருந்து புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோனைத் தயாரித்தார். அதுவரை விலங்குகளின் உறுப்புகளிலிருந்து துளித்துளியாக எடுத்துவந்த ஹார்மோன் அது. 1944-ல் மெக்சிகோ நகரில் சின்டெக்ஸ் நிறுவனம் பிறந்தது. 1951-ல் அதன் ஆய்வகத்தில் உருவான நோரெதிஸ்டிரோன், கருத்தடை மாத்திரைகளின் முன்னோடிகளில் ஒன்றாயிற்று. அடுத்த பல ஆண்டுகள் மெக்சிகோ விவசாயிகள் 'பார்பாஸ்கோ' என்னும் இன்னொரு காட்டுவள்ளியை டன் டன்னாகத் தோண்டிக் கொடுத்தார்கள். இந்தியாவிலும் அதே அலை அடித்தது. இமயமலைச் சரிவுகளில் இருந்த டயோஸ்கோரியா டெல்டாய்டியா மருந்துத் தொழிற்சாலைகளுக்காகப் பெருமளவில் தோண்டப்பட்டு, கடைசியில் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்தது. உலகத்துப் பெண்களின் வாழ்க்கையை மாற்றிய மருந்தின் தாய்வீடு, யாரும் பெயர்கூட அறியாத ஒரு காட்டுக் கிழங்கு.

கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது எதிரே வரும் லாரிகளில் இன்னொரு கிழங்கு. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றுபோக, சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கத் தொடங்கினார்கள். அந்த ஆலைகளின் பசி மலையின் மேலேயும் எட்டியது. சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறிவிட்டது. கையில் பணம் தரும் பயிர், குடும்பங்களுக்கு வேண்டியதுதான். ஆனால் அறுவடைக்காகச் சரிவை முழுக்கக் கிளறவேண்டிய பயிரும் அதுவே. மழை பிடித்தால் மேல்மண் இறங்கும். மரவள்ளிக் காட்டுக்குள் வள்ளிக்கொடி ஏற மரமும் இல்லை.

கரூரைத் தாண்டினால் நிலம் முற்றிலும் வேறாகிவிடுகிறது. சின்னதாராபுரம், மூலனூர் பக்கம் வறண்ட மேட்டுநிலம், கிளுவை வேலி, தொலைவில் காற்றாலைகள். இந்தச் செம்மண்ணில்தான் காட்டுக் கிழங்கு ஒன்று வயலுக்கு வந்து பணப்பயிர் ஆகியிருக்கிறது. கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்று விவசாயிகள் சொல்லும் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநிலப் பூ. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 மலர்களில் முதலில் வருவதும் இதுவே. இலங்கைத் தமிழர் கார்த்திகைப்பூ என்பார்கள்.

தை மாதத்தில் போகிறவருக்குப் பூ கிடைக்காது. கிளுவைக் குச்சிகளிலும் கம்பிப் பந்தலிலும் காய்ந்த கொடி தொங்கும், காய்கள் பழுத்து வெடிக்கத் தயாராக இருக்கும். களத்தில் பரப்பிய காய்களுக்குள் செம்மஞ்சள் விதைகள். விவசாயி விற்பது கிழங்கையில்லை, இந்த விதையைத்தான். விதையிலும் கிழங்கிலும் இருக்கும் கோல்சிசின் கீல்வாதத்துக்கு, அதிலும் யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் கவுட் வலிக்கு, உலகம் முழுவதும் கொடுக்கும் மருந்து.

விதை எளிதாகக் கிடைத்துவிடாது. பூவின் சூல்முடி ஒருபக்கம் மடங்கி விலகியிருக்கும், மகரந்தப் பைகள் வேறு பக்கம். பூச்சி வராத நாளில் விதை பிடிக்காது. அதனால் பூக்கும் பருவத்தில் காலைப்பொழுதில் ஆட்கள் பூப்பூவாகப் போய் மகரந்தத்தைக் கையால் தொட்டுத் தடவுகிறார்கள். கிழங்கு 'V' வடிவில் கலப்பைக் கொழுவாக வளைந்திருக்கும், ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளை. அந்த நுனி உடைந்தால் கிழங்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் முளைக்காது. தொடக்கத்தில் விதைக்கிழங்குக்காகக் காட்டையே சுரண்டினார்கள். வயலில் பெருக்கும் அளவுக்குப் பயிர் தேறிய பிறகுதான் காட்டுக்குக் கொஞ்சம் ஓய்வு.

இது தின்னக்கூடாத கிழங்கும்கூட. வேறு கிழங்கென்று நினைத்து வேகவைத்துச் சாப்பிட்டவர்கள் உண்டு. சாகவேண்டும் என்றே அரைத்துக் குடித்தவர்களும் உண்டு. இலங்கை மருத்துவமனைகளின் பதிவுகளில் இப்படிப்பட்ட இறப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலில் வாந்தி பேதி, பிறகு ஒவ்வோர் உறுப்பாகச் செயலிழக்கும். முறிவு மருந்து கைவசம் இல்லை. கோல்சிசின் செய்வது ஒன்றுதான்: செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபக்கமும் இழுக்கும் நுண்குழல்களைக் கட்டிப்போடும். மனித உடலில் அது நஞ்சு. செடியின் முளையில் அதையே அளவாகத் தடவினால் குரோமோசோம்கள் பிரியாமல் தங்கி இரட்டிப்பாகும், செடிக்குப் பெரிய பூவும் தடித்த இலையும் வரும்.

அந்த வித்தையை 1940-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா செடிகளிடம் செய்து பார்த்தவர் ஜானகி அம்மாள். தலைச்சேரியில் 1897-ல் பிறந்து, கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்து, பின்னர் நேருவின் அழைப்பின் பேரில் திரும்பி வந்து இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைத்தவர். அகத்தியமலைக் காணிக்காரர்கள் வயிற்றுப்புண்ணுக்கும் உடல் தேற்றவும் தின்னும் அமிர்தபாலா என்ற கிழங்கை அறிவியல் உலகம் அறிந்தபோது அதற்கு ஜானகியா என்று இவர் பெயரையே வைத்தார்கள். பிற்பாடு அந்தச் செடியை மாகாளிக்கிழங்கின் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். பாறைச் சரிவுகளில் மிகச் சில இடங்களில் மட்டும் எஞ்சியிருக்கும் அந்தச் செடியின் பெயரில் இப்போது ஜானகி இல்லை. அந்தக் கிழங்கைப் பற்றிப் பேசும்போதாவது அவரை நினைக்க வேண்டும்.

தாராபுரம், உடுமலை, பொள்ளாச்சி. சேத்துமடை சோதனைச் சாவடியைத் தாண்டினால் டாப்சிலிப்புக்கு ஏறும் ஆனைமலைச் சாலை. தேக்கும் மூங்கிலும் தாண்டி ஈரக்காடு தொடங்கும் பகுதிகளில் காடர்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. கேரளப் பக்கம் பரம்பிக்குளத்திலும் வாழச்சாலிலும் இருப்பவர்கள் இதே மக்கள். பயிர் செய்யாமல் காட்டுக் கிழங்கையும் தேனையும் வேட்டையையும் நம்பி வாழ்ந்தவர்கள். எரன்ஃபெல்ஸ் என்ற மானுடவியலாளர் இவர்களோடு பழகி எழுதிய நூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1952-ல் வெளியிட்டது. கிழங்கு தோண்டும் கோல் அன்று ஆண் பெண் எல்லார் கையிலும் இருந்த கருவி. கூர்மையாக்கிய மரக்கோலின் நுனியில் பின்னாளில் இரும்பு ஏறியது.

காட்டுக்குள் கிழங்கு தோண்டுவதைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது வேகமின்மை. காய்ந்த கொடியைப் பிடித்து அது மண்ணுக்குள் இறங்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். கொடியை அறுப்பதில்லை, ஒதுக்கி வைக்கிறார்கள். கொடிக்குக் கொஞ்சம் தள்ளிக் குழி தொடங்குகிறது. கிழங்கின் பக்கவாட்டைத் தொட்டதும் கோலை வைத்துவிட்டுக் கையால் மண்ணை அள்ளுகிறார்கள். கிழங்கின் தலைப்பகுதி, அதாவது கொடி முளைத்த கட்டையான கழுத்து, கசப்பும் நாருமாக இருக்கும். அதைக் கீழிருந்து அறுத்துத் தனியே வைத்து, கிழங்கை வெளியே எடுத்த பிறகு, குழியைப் பொலபொலப்பான மண்ணால் மூடி, அந்தத் தலையை மேலாக நட்டுவிடுகிறார்கள். மழை வந்ததும் அது முளைக்கும். தோண்டிக் கிளறிய மண் இளகியிருப்பதால் அடுத்த கிழங்கு எளிதாக இறங்கும், தோண்டுவதும் அடுத்த முறை சுலபம்.

இதை உணவு சேகரிப்பு என்று மட்டும் சொல்லிவிடுவது அநியாயம். 1987-ல் தாமஸ் ஹெட்லேண்ட் என்ற மானுடவியலாளர் ஒரு கேள்வியைக் கிளப்பினார். பயிர்த்தொழில் செய்யும் அண்டை மக்களின் துணையில்லாமல், மழைக்காட்டுக்குள் காட்டுக் கிழங்கை மட்டும் நம்பி மனிதர் வாழ முடியுமா? பிலிப்பைன்ஸின் அக்டா மக்களோடு பல ஆண்டுகள் வாழ்ந்த அவர், முடியாது என்ற பக்கம் சாய்ந்தார். பெரிய விவாதமாயிற்று. அதற்குக் கிடைத்த பதில்களில் அழகானது கேமரூனிலிருந்து வந்தது. பாகா மக்கள் காட்டுவள்ளியின் தலையை மறுபடி நட்டு, அதே கொடியிடம் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வருவதை எட்மண்ட் டூனியா பதிவு செய்தார். காட்டை வெட்டாமல், வேலி போடாமல், காட்டுச் செடியைக் காட்டிலேயே வைத்து நடக்கும் பயிர்த்தொழில் அது. கண்டங்கள் வேறு, மொழிகள் வேறு, தலையை மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பது மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்று. வியாபாரிக்குக் கிலோக் கணக்கில் வேண்டும் என்றதும் முதலில் கைவிடப்படுவதும் இந்த ஒரு செயல்தான். தலைக்கும் எடை இருக்கிறதே.

காட்டுக்குள் தோண்டும் உரிமை சட்டத்தில் எழுதியே இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருட்களை வரையறுக்கும்போது தேன், மூங்கில், மூலிகைகளோடு வேர்களையும் கிழங்குகளையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. வாழச்சாலில் காடர் குடியிருப்புகளுக்கு 2014-ல் சமூக வன உரிமை கிடைத்தது. உரிமை இருந்தும் கிழங்குக்குப் போகிறவர்கள் குறைகிறார்கள். ரேஷன் அரிசி வீட்டுக்கே வருகிறது, பசிக்காக இனி ஒரு மீட்டர் குழி தோண்ட வேண்டியதில்லை. பட்டினி இல்லாமல் போனது நல்ல செய்தி. கூடவே போவது, எந்தக் கொடி எந்தப் பக்கம் சுற்றும், எது உணவு, எது வலிப்பு, தலையை எவ்வளவு ஆழத்தில் நடவேண்டும் என்ற அறிவு. அது புத்தகத்தில் இல்லை. கொடியைப் பச்சையாக ஒருமுறை பார்த்து, காய்ந்தபின் அதே இடத்தில் ஒருமுறை தோண்டினால்தான் கைக்கு வரும்.

பழங்குடிப் பிள்ளைகளில் பலர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கிறார்கள். நீண்ட விடுமுறை சித்திரை, வைகாசியில். அப்போது காய்ந்த கொடியும் உதிர்ந்து, கிழங்கு இருந்த இடமே தெரியாது. செப்டம்பர் கடைசியின் காலாண்டு விடுமுறையில் கொடி பச்சையாக இருக்கும், டிசம்பர் கடைசியின் அரையாண்டு விடுமுறையில் கிழங்கு முற்றியிருக்கும். அந்த இரண்டு விடுமுறைகளிலும் பிள்ளைகள் தாத்தா பாட்டியோடு காட்டுக்குப் போக வனத்துறை வழிவிட்டு, அதைப் பள்ளியும் படிப்பின் பகுதியாக ஏற்றுக்கொண்டால் செலவு எதுவும் இல்லை. தோண்டுகோலும் இருக்கிறது, சொல்லிக்கொடுக்கும் ஆட்களும் இன்னும் ஆனைமலையில் இருக்கிறார்கள்.